மாங்குளம் பக்கம் வாங்கிய கீழ்காய்நெல்லிப் பொடி: பொடி நல்லது, சிட்டையில் ஒரு வரியை எடுக்க வேண்டும்

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் பக்கம் போகிற வீதியில் ஊர்ப் பெண்கள் சேர்ந்து நடத்தும் சின்ன விற்பனை நிலையம் ஒன்று இருக்கிறது. குரக்கன் மா, எள்ளுருண்டை, தேன், காய வைத்த முருங்கையிலை, காலம் வந்தால் பாலைப்பழம், இவற்றோடு ஒரு தட்டு நிறைய மூலிகைப் பொடிகளும் வைத்திருக்கிறார்கள். அங்கே வாங்கிய கீழ்காய்நெல்லிப் பொடியைப் பற்றித்தான் இது. நிலையத்தின் பெயரை வேண்டுமென்றே போடவில்லை. நான் சொல்லப்போகிற குறை அவர்களுடையது மட்டுமில்லை, நோயைக் குணப்படுத்தும் என்று நிரூபிக்கப்பட்டதாகச் சொல்கிற ஏறக்குறைய இதே வரியை வேறு ஊர்களில் வாங்கிய பக்கற்றுகளிலும் பார்த்திருக்கிறேன்.

முதலில் பொடி. 100 கிராம் பக்கற் 450 ரூபா. திறந்தவுடன் மங்கிய பச்சை நிறம். நிழலில் உலர்த்தினால்தான் இந்தப் பச்சை நிற்கும், வெயிலில் போட்டு அவசரமாகக் காய வைத்தால் மண்ணிறமாகிவிடும், ஆகவே வேலை தெரிந்தவர்கள் செய்திருக்கிறார்கள் என்று பார்த்ததுமே நம்பிக்கை வந்தது. நன்றாக அரித்த பொடி, மோரில் போட்டால் கட்டி பிடிக்காமல் கரைகிறது. கசப்பு நாக்கில் சரியாக நிற்கிறது. இந்தச் செடியில் உள்ள பில்லாந்தின் என்ற பொருளே கசப்பானது, கசப்பே இல்லாத கீழ்காய்நெல்லிப் பொடி யாராவது தந்தால் எனக்குச் சந்தேகம் வரும். குறை ஒன்று: குடித்து முடித்த பிறகு கோப்பையின் அடியில் கொஞ்சம் மணல் நிற்கிறது. சமூலமாக, அதாவது வேரோடு சேர்த்து இடிக்கிறபோது வேரை இரண்டு மூன்று தண்ணீரில் கழுவாவிட்டால் இப்படித்தான் வரும். இது திருத்தக்கூடிய விஷயம், சொன்னேன், கேட்டுக்கொண்டார்கள்.

மாரி மழை பெய்தால் முற்றத்திலும் வயல் வரம்பிலும் தானாக முளைக்கிற செடிக்கு 450 ரூபாவா என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வன்னிக் கோடையில் முற்றத்தில் புல்லே கருகிக் கிடக்கும்போது கீழ்காய்நெல்லிக்கு எங்கே போவது? வயல் வரம்பில் பிடுங்குவது என்றால் களைநாசினி அடித்த வயலா இல்லையா என்று தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பெண்கள் தங்கள் வீட்டுத் தோட்டங்களில் பாத்தி கட்டி வளர்ப்பதாகச் சொன்னார்கள், அதற்கே நான் காசு கொடுப்பேன்.

இன்னொரு காரணமும் உண்டு. இலைக்கு அடியில் வரிசையாகக் காய் தொங்குகிற செடி எல்லாம் நம் கண்ணுக்குக் கீழ்காய்நெல்லிதான், ஆனால் தாவரவியலில் அவை வேறு வேறு இனங்கள். ஆய்வுகளில் அதிகம் பேசப்படுவது பில்லாந்தஸ் அமாருஸ். பில்லாந்தஸ் யூரினாரியா என்பது தண்டு சிவப்பாகவும் காய் சொரசொரப்பாகவும் இருக்கும். தென்னிந்தியாவில் 25 கடைகளில் வாங்கிய கீழாநெல்லியை (அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) மரபணு முறையில் சோதித்து 2010இல் ஒரு ஆய்வு வந்தது. 76 சதவீதக் கடைகளில் இருந்தது பெரும்பாலும் அமாருஸ்தான், மற்றக் கடைகளில் அதே குடும்பத்தின் வேறு ஐந்து இனங்கள் கிடைத்தன. நாலு கடையில் ஒரு கடை என்று வையுங்களேன். யாரும் ஏமாற்ற நினைத்துச் செய்ததாக இருக்க வேண்டியதில்லை, பிடுங்கிக் கொண்டு வருகிறவருக்கு எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். இந்த நிலையத்தில் முளைத்து நின்ற செடியையே காட்டினார்கள். பச்சைத் தண்டு, வழுவழுப்பான காய். நான் திரும்பத் திரும்ப அங்கேயே வாங்குவதற்கு இதுதான் பெரிய காரணம்.

சரி, இப்போது பக்கற்றில் ஒட்டியிருக்கிற சிட்டை. முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இப்படி இருக்கிறது: “செங்கண்மாரி, ஹெபடைடிஸ் பி, சலரோகம் ஆகியவற்றை முற்றாகக் குணப்படுத்தும் என விஞ்ஞான ரீதியாக நிரூபிக்கப்பட்டது.” இந்த வரிதான் எனக்குப் பிரச்சினை. விஞ்ஞானம் இந்தச் செடியைப் பார்க்கவில்லை என்று சொல்ல வரவில்லை. மிகவும் அக்கறையாகவே பார்த்திருக்கிறது, நம் முற்றத்துச் செடிக்கு அப்படியொரு மரியாதை கிடைத்தது என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சந்தோஷம். ஈரலைத் தாக்குகிற ஹெபடைடிஸ் பி வைரசைக் கண்டுபிடித்ததற்காக 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூக் புளும்பெர்க்கே இதில் இறங்கினார். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் அவருடைய குழு இந்தச் செடியின் சாற்றைப் பரிசோதனைக் குழாயில் வைத்துப் பார்த்தபோது, வைரஸ் பெருகுவதற்குத் தேவையான நொதியை அது தடுத்தது. வூட்சக் என்று வட அமெரிக்காவில் ஒரு கொறிக்கும் பிராணி, அதற்கும் இதே குடும்பத்து வைரஸ் ஒன்று வரும். அந்தப் பிராணிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததிலும் நல்ல பலன் கிடைத்தது. 1987இல் அந்தக் கட்டுரை வந்தது, அதில் செடியின் பெயர் பில்லாந்தஸ் நிருரி. அடுத்த வருடக் கட்டுரையில் பெயர் அமாருஸ் என்று வருகிறது, அந்தக் குழப்பம் ஆய்வுகூடம் வரைக்கும் போயிருக்கிறது பாருங்கள்.

அந்த அடுத்த வருடக் கட்டுரைதான் எல்லாரும் மேற்கோள் காட்டுவது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ். பி. தியாகராஜன் குழுவும் புளும்பெர்க்கும் சேர்ந்து 1988இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். உடம்பில் ஹெபடைடிஸ் பி வைரஸ் தங்கிவிட்டவர்களுக்கு 30 நாட்கள் இந்தப் பொடியைக் கொடுத்து, முடிந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பொடி குடித்த 37 பேரில் 22 பேருக்கு, அதாவது 59 சதவீதத்தினருக்கு, வைரசின் அடையாளமான மேற்புற ஆன்டிஜென் இரத்தத்தில் இல்லை. மருந்து இல்லாத வெறும் குளிசை எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி ஆனது. இந்த எண்ணைப் பார்த்தால் யாருக்குத்தான் நம்பிக்கை வராது? நானும் முதலில் வாசித்தபோது எழுந்து நடந்து கொண்டே திரும்ப வாசித்தேன்.

சிட்டை எழுதியவர்கள் இந்த இடத்தில் நின்றுவிட்டார்கள். கதை அதற்குப் பிறகும் போகிறது. அந்தக் கட்டுரையே தன்னை ஆரம்ப ஆய்வு என்றுதான் சொன்னது. 37க்கும் 23க்கும் இருக்கிற இடைவெளியைப் பாருங்கள், ஒப்பிடும் குழுவில் கடைசிவரை வந்தவர்கள் குறைவு, அதுவே கணக்கைச் சாய்க்கப் போதும். மற்ற நாடுகளில் திரும்பச் செய்து பார்த்தார்கள். தாய்லாந்தில் செய்து, வைரஸ் போகவில்லை என்று 1990இல் அதே லான்செட்டில் எழுதினார்கள். நியூசிலாந்தில் செய்ததும் பலிக்கவில்லை என்று 1994இல் வந்தது. 2011இல் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடுகிற கொக்ரேன் குழு, அதுவரை நடந்த பரிசோதனைகளைச் சேர்த்து அலசி, வெறும் குளிசையோடு ஒப்பிடும்போது இந்தச் செடி நாட்பட்ட ஹெபடைடிஸ் பிக்குப் பலன் தருகிறது என்று சொல்ல நம்பும்படியான ஆதாரம் இல்லை என்று முடித்தது. சலரோகத்துக்கும் அதே கதைதான்: தான்சானியாவில் 21 நோயாளிகளுக்கு ஒரு வாரம் கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வில் இரத்தத்தில் சீனி இறங்கவில்லை, 2001இல் வெளியானது. இவ்வளவும் வந்த பிறகு “நிரூபிக்கப்பட்டது” என்று அச்சடிக்க முடியாது.

செங்கண்மாரிக்குக் குணமாகிறதே, நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோமே என்பீர்கள். நானும் பார்த்திருக்கிறேன். எங்கள் அம்மம்மா பச்சைச் செடியைக் கொட்டைப்பாக்களவு அரைத்து ஆட்டுப்பாலில் கலக்கித் தருவார், உப்பில்லாப் பத்தியம், கண் மஞ்சள் போகும் மட்டும். பெரும்பாலும் நம் பக்கத்தில் பிள்ளைகளுக்கு வருகிற செங்கண்மாரி ஹெபடைடிஸ் ஏ, அசுத்தமான தண்ணீராலும் சாப்பாட்டாலும் தொற்றுவது. 2009இல் போரில் இடம்பெயர்ந்தவர்கள் இருந்த செட்டிகுளம் முகாம்களில் பரவியதும் அதுதான், அங்கே இருந்தவர்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அந்த வைரஸ் உடம்பில் தங்குவதில்லை, ஓய்வும் சாப்பாடும் இருந்தால் பெரும்பாலானவர்களுக்குச் சில கிழமைகளில் தானாகவே மாறிவிடும். பொடி குடித்தவருக்கும் மாறும், குடிக்காதவருக்கும் மாறும். ஹெபடைடிஸ் பி வேறு ஆள். இரத்தத்தால் பரவும், பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும், உடலுறவாலும் தொற்றும். சிலருக்கு வருடக்கணக்காகச் சத்தமில்லாமல் ஈரலில் இருந்து, கடைசியில் ஈரல் சுருங்கியோ புற்றுநோயாகவோ வெளியே வரும். இரண்டையும் ஒரே சிட்டையில் ஒரே வரியில் போடுவது ஆபத்து.

எனக்கு இதில் இவ்வளவு கோபம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. சொந்தக்காரர் ஒருவர் இரத்ததானம் செய்யப் போன இடத்தில் அவருக்கு ஹெபடைடிஸ் பி இருப்பது தெரிய வந்தது. கிளினிக்குக்குப் போகச் சொன்னார்கள். அவர் போகவில்லை, இதுபோன்ற ஒரு பக்கற்றைக் காட்டி “இதில நிரூபிச்சது எண்டு போட்டிருக்கு” என்றார். உடம்பில் ஒரு நோவும் இல்லாத மனிதருக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. அவரைத் திரும்பக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போக வீட்டுக்காரர் பட்ட பாடு கொஞ்சமில்லை. இன்றைக்கு வைரசை அடக்கி வைக்க டெனோஃபோவிர், என்டெகாவிர் போன்ற குளிசைகள் இருக்கின்றன, யாருக்கு எப்போது தொடங்குவது என்பதை இரத்தப் பரிசோதனை பார்த்து வைத்தியர் சொல்வார். பிள்ளைகளுக்கு 2003இலிருந்து இலங்கையில் தடுப்பூசி அட்டவணையிலேயே இதற்கான ஊசி இருக்கிறது.

நிலையத்தில் இருந்த அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். சண்டை பிடிக்கவில்லை, ஆறுதலாகக் கேட்டார். “நாங்கள் வேற பக்கற்றில இருந்ததைப் பாத்துத்தான் தம்பி அடிச்சது, இது முடியுமட்டும் ஒட்டத்தானே வேணும்” என்றார். அவர்களுடைய நிலைமை எனக்கு விளங்குகிறது, அச்சுக்கூலி லேசான காசு இல்லை. ஆனால் அந்த வரிக்கு மேல் ஒரு சின்னக் காகிதம் ஒட்டலாமே என்றேன். என்ன எழுதுவது என்று கேட்டார். செடியின் பெயர், எந்த ஊரில் வளர்ந்தது, எந்த மாதம் பிடுங்கியது, நிழலில் உலர்த்தியது, களைநாசினி இல்லை, இவ்வளவும் போடுங்கள் அக்கா, அதற்கே ஆட்கள் வாங்குவார்கள் என்றேன்.

என் முடிவு இது. பொடியின் தரத்துக்கு ஐந்தில் நாலு, மணலுக்காக ஒன்றைக் குறைத்தேன். சிட்டைக்கு ஒன்றுமில்லை. பரியாரியாரோ சித்த வைத்தியரோ கீழ்காய்நெல்லி எடுக்கச் சொல்லியிருந்தால் இங்கே தாராளமாக வாங்குங்கள், செடி சரியான செடி. சலரோகத்துக்கோ வேறு எதற்குமோ தினமும் குளிசை எடுப்பவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், கேட்காமல் தொடங்க வேண்டாம். கண் மஞ்சளானால் முதலில் ஆஸ்பத்திரியில் இரத்தம் கொடுத்து எந்த வைரஸ் என்று தெரிந்துகொள்ளுங்கள். தபாலில் அனுப்ப மாட்டார்கள், நேரில்தான் போக வேண்டும். கோடையில் போகிறீர்கள் என்றால் காலையில் போங்கள், மத்தியானத்துக்குள் பொடி முடிந்துவிடுகிறது.