துருப்பிடித்த தெருக்குழாய்: உள்ளே பூசலாமா, உறை போடலாமா, தோண்டி மாற்றியே ஆகவேண்டுமா?

வடசென்னையில் எங்கள் தெருவில் கசிவு பார்க்கப் பள்ளம் எடுத்தபோது வெட்டி ஓரமாகப் போட்டிருந்த குழாய்த் துண்டு ஒன்றை வீட்டுக்கு எடுத்து வந்து வைத்திருக்கிறேன். ஓர் அடி நீளம், நான்கு அங்குல வார்ப்பிரும்பு. உள்ளே பலாத்தோல் மாதிரி முண்டும் முடிச்சுமாகத் துரு; நான்கு விரலைச் சேர்த்து நுழைத்தால் இரண்டு பக்கமும் உரசுகிறது. அதாவது 100 மி.மீ. குழாய் 80 மி.மீ. ஆகிவிட்டது. இருபதுதானே குறைந்தது என்று நினைக்காதீர்கள். ஓட்டம் குழாயின் விட்டத்தோடு நேராகக் குறைவதில்லை, அதைவிட வேகமாகக் குறைகிறது, அதோடு சொரசொரப்பும் சேர்ந்துகொள்கிறது. குழாயில் எவ்வளவு தண்ணீர் ஓடும் என்று சொல்லும் ஹேசன்-வில்லியம்ஸ் கணக்குப்படி சொரசொரப்புக் குணகம் (எண் குறையக் குறையச் சொரசொரப்பு அதிகம்) 130-லிருந்து 60-க்கு இறங்கியதாக வைத்துப் போட்டுப் பார்த்தேன்: புதுக் குழாயில் போகும் தண்ணீரில் கிட்டத்தட்ட கால் பங்குதான் வருகிறது. தெருக்கோடி வீட்டில் குடம் நிறையாததற்கு இது ஒன்றே போதும்.

இப்போது இதற்குத் தீர்வாக, தோண்டாமல் குழாயின் உட்சுவரில் அடிக்கும் ஸ்ப்ரே பூச்சு என்று நிறையப் பேர் பேசுகிறார்கள். நல்ல விஷயம்தான், ஆனால் எதற்கு நல்லது என்பதில்தான் குழப்பம்.

வேலை நடக்கும் விதம் இது. நூறு, நூற்றைம்பது மீட்டருக்கு ஒரு குழி. குழாயைக் காலி செய்து, துருவைச் சுரண்டி எடுத்து, துடைத்து, கேமரா விட்டுப் பார்க்கிறார்கள். பிறகு ஒரு நீண்ட ஹோஸை வின்ச் வைத்து இழுக்கிறார்கள். பிசின் வகைப் பூச்சு என்றால் பிசின், அதை இறுக்கும் பொருள் என்ற இரண்டு ரசாயனமும் அதற்குள் தனித்தனியாகவே வந்து, முனைக்குப் பக்கத்தில் கலந்து, வேகமாகச் சுழலும் ஒரு சிறு கூம்பிலிருந்து சுவர் முழுக்கத் தெறிக்கின்றன. எவ்வளவு கனம் படியும் என்பது பம்ப் அனுப்பும் அளவையும் இழுக்கும் வேகத்தையும் பொறுத்தது. ஹோஸ் நடுவில் ஒருமுறை திக்கி நின்றால் அந்த இடத்தில் குவிந்துவிடும்.

பூசும் பொருளில் மூன்று போட்டியாளர்கள். சிமென்ட் சாந்து மூத்தவர். இன்று நாம் போடும் டிஐ பைப்பே (எளிதில் உடையாத புது வகை வார்ப்பிரும்புக் குழாய்) உள்ளே சிமென்ட் பூசித்தான் வருகிறது. சுண்ணத்தின் காரத்தன்மை இரும்பைத் துருப்பிடிக்காமல் காக்கிறது, மயிரிழை விரிசல் வந்தாலும் ஈரத்தில் தானே மூடிக்கொள்ளும், விலையும் குறைவு. ஆனால் நான்கு அங்குலக் குழாயில் சுற்றிலும் ஐந்து மி.மீ. கொடுப்பது பெரிய இழப்பு, வீட்டு இணைப்பின் ஃபெரூல் (தெருக்குழாயில் வீட்டுக் குழாயைப் பொருத்தும் சிறு முனை) வாயும் அடைபடும். ஆகவே பெரிய விட்டமுள்ள பிரதானக் குழாய்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சிமென்ட்தான் சொல்வேன், சந்துக் குழாய்க்கு வேண்டாம்.

எபாக்ஸி என்ற செயற்கைப் பிசின் ஒரு மி.மீ. அளவுக்குத்தான் படியும். ஃபெரூல் பெரும்பாலும் திறந்தே இருக்கும், உட்புறம் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். இறுக நேரம் பிடிக்கும், தெருவுக்கு ஒரு நாள் தண்ணீரை நிறுத்த வேண்டும். வாரத்தில் சில மணி நேரமே தண்ணீர் விடும் ஊரில் அது பெரிய தடை இல்லை. சரி, கலங்கல் தண்ணீர் வருவது நிற்கும், அழுத்தம் கூடும். அதற்கு மேல் எபாக்ஸியிடம் எதையும் எதிர்பார்க்கக் கூடாது. ஓட்டைக்கும் ஒழுகும் மூட்டுக்கும் அது மருந்தே இல்லை. நம் பழைய குழாய்களில் சில மீட்டருக்கு ஒரு மூட்டு, சணல் திணித்து ஈயம் காய்ச்சி ஊற்றியது. மேலே லாரி போகும்போது அது கொஞ்சம் அசையும், ஒரு மி.மீ. எபாக்ஸி அங்கே விரிசல் விட்டுவிடும்.

பாலியூரியா, பாலியூரித்தேன் என்ற பிசின் வகைகள் வந்த பிறகுதான் ஆட்டம் மாறியது. சில நிமிடங்களில் இறுகுவதால் அன்றைக்கே தண்ணீர் விடலாம், மூன்று முதல் ஆறு மி.மீ. வரை கனமாகவும் அடிக்கலாம், கொஞ்சம் இழுபடும் தன்மையும் உண்டு, சின்னத் துளையையும் மூட்டு இடைவெளியையும் தாண்டி நிற்கும். நான்கு மி.மீ. அடித்து என் துண்டின் கணக்கையே திரும்பப் போட்டால் இப்போதைய ஓட்டத்தைப்போல மூன்று மடங்கு வருகிறது. ஆனால் சுவர் காய்ந்திருக்க வேண்டும். நிலத்தடி நீர் மேலே நிற்கும் இடத்தில் ஓட்டை வழியாக உள்ளே சொட்டிக்கொண்டே இருக்கும். அதன்மேல் அடித்தால் ஒட்டாது. இரண்டு ரசாயனத்தின் விகிதமும் அடி அடியாகப் பதிவாக வேண்டும், தப்பினால் இறுகாத பொருள் குடிதண்ணீரில் இறங்கும். என்எஸ்எஃப் 61 மாதிரி குடிநீர்ச் சான்று இல்லாத சரக்கை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடக்கூடாது.

நம் ஊருக்கென்றே இன்னொரு சிக்கல். தண்ணீர் எப்போதும் அழுத்தத்தோடு இருக்கும் ஊர்களில் பூச்சைத் தண்ணீரே சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. இங்கே பாதி நேரம் குழாய் காலி, தண்ணீர் வந்ததும் வீட்டுக்கு வீடு மோட்டார் போட்டு உறிஞ்சுகிறோம். அப்போது உள்ளே வெற்றிடம், வெளியே கழிவுநீர் கலந்த நிலத்தடி நீர். சரியாக ஒட்டாத பூச்சு உள்நோக்கி உரிந்து குழாயையே அடைத்துவிடும். அதனால் டெண்டரில் உள்ளழுத்தத்தை மட்டும் எழுதினால் போதாது, வெளியிலிருந்து வரும் அழுத்தத்தையும் எழுத வேண்டும்.

உறை போடும் முறை 1971-இல் லண்டனில் ஒரு சாக்கடையில் தொடங்கியது. பிசினில் ஊறிய துணிக்குழலை உள்ளே விட்டு, ஊதி, சுட வைத்து இறுக்குவது. தனியே நிற்கும் பலம் உண்டு, உறிஞ்சலையும் தாங்கும். ஆனால் எல்லா வீட்டு இணைப்பையும் மூடிவிடும். ஒவ்வொன்றாக உள்ளிருந்து துளைத்துத் திறக்க வேண்டும். பத்தடிக்கு ஒரு ஃபெரூல் இருக்கும் வடசென்னைச் சந்தில் அதைச் செய்வது பெரும்பாடு. பழைய குழாயை உள்ளிருந்து உடைத்துக்கொண்டே எச்டிபிஇ என்ற கெட்டி பிளாஸ்டிக் குழாயை இழுத்துவிடும் முறை எனக்கு ரொம்பப் பிடிக்கும், மூட்டே இல்லாத புதுக் குழாய் கிடைக்கிறது. ஆனால் ஒரு முழத்தில் பீங்கான் சாக்கடைக் குழாய் இருந்தால் அதுவும் சேர்ந்து உடையும்.

அப்புறம் தோண்டி மாற்றுவது. தூசி, ரோடு வெட்டும் கட்டணம், சரியாக மூடாத பள்ளம், எல்லாம் அனுபவித்திருக்கிறோம். ஆனாலும் என் துண்டுக்கு அது ஒன்றுதான் வழி. வெளிப்புறத்தைக் கத்தியால் சீவினேன், பென்சில் மாதிரி கருப்பாக வந்தது, காகிதத்தில் தேய்த்தால் கோடு விழுகிறது. இரும்பு கரைந்து போய் கிராஃபைட் மட்டும் குழாய் வடிவத்தில் நிற்கிறது. அதன் உள்ளே எந்த ஸ்ப்ரே அடித்தாலும், பிடித்துக்கொள்ளச் சுவர் எங்கே?

அமெரிக்க நீர்ப்பணிச் சங்கத்தின் எம்28 கையேடு இந்தப் பூச்சுகளை நான்கு வகுப்பாகப் பிரிக்கிறது: முதல் வகுப்பு வெறும் பாதுகாப்பு, நான்காவது பழைய குழாயே இல்லாவிட்டாலும் தாங்குவது. எங்கள் பகுதிக்குப் பூச்சு வேலை வந்தால் எந்த வகுப்பு என்றுதான் முதலில் கேட்பேன். அதற்கும் முன்னால் தெருவுக்கு இரண்டு இடத்தில் ஓர் அடி வெட்டி, மணல் பீய்ச்சித் துருவை நீக்கி, மிச்சமிருக்கும் நல்ல இரும்பின் கனத்தை அளக்கச் சொல்வேன். எங்கள் தெருவில் பள்ளம் எடுத்த அன்று அந்தத் துண்டை யாரும் அளக்கவில்லை, குப்பையோடுதான் கிடந்தது.