நெல்லைப் பக்கம் வீடு கட்டப் போறவங்க இதைப் படிச்சிட்டு அட்வான்ஸ் கொடுங்க

மானூர், கங்கைகொண்டான், கயத்தாறு பக்கம் கரிசல் மண்ணில் மனை வாங்கி, சேர்த்து வைத்த பணத்தையும் பேங்க் லோனையும் வைத்து வீடு கட்ட நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்களை ஏமாற்றிய காண்ட்ராக்டரின் பெயரை இங்கே எழுதவில்லை, வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. பெயரை விட அவர் ஏமாற்றிய விதம்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற வேலையைக் காட்டிப் பணம் வாங்குவது, மண்ணுக்குள்ளும் கான்கிரீட்டுக்குள்ளும் மறைகிற வேலையில் அந்தப் பணத்தை மிச்சம் பிடிப்பது, மொத்த வித்தையும் இவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். கட்டுமானத்தை இங்கிருந்து பார்த்துக்கொண்டது நானும் என் மாமனாரும். காண்ட்ராக்டர் முதல் நாளே என் வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் முகப்புப் படம் அனுப்பிவிட்டார். கம்ப்யூட்டரில் வரைந்த எலிவேஷன், ராத்திரி வெளிச்சத்தில் ஜொலிக்கிற மாதிரி, முன்னால் ஒரு கார் வேறு நிற்கிறது. ஆயிரத்து ஐந்நூறு மைலுக்கும் அப்பால் வெயிலில் வேலை பார்க்கிற மனுசனுக்கு அந்தப் படத்தைப் பார்த்தால் மனசு என்ன பாடுபடும்? அதைத் தெரிந்துதான் அனுப்புகிறார்கள். அஸ்திவாரத்தின் வரைபடத்தை நான் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது, எலிவேஷன் படம் மட்டும் கேட்காமலே வந்துகொண்டிருந்தது.

சதுர அடிக்கு 2,050 ரூபாய் என்று பேசினோம். வீடு 1,050 சதுர அடி. கடைசியில் பில் போட்டபோது 1,290 சதுர அடி என்று வந்தது. போர்டிகோ, மாடிப்படி மேலே உள்ள ஹெட்ரூம், சன்ஷேட் எல்லாவற்றையும் முழு ரேட்டில் அளந்து சேர்த்திருக்கிறார்கள். வித்தியாசம் கிட்டத்தட்ட 5 லட்சம். செப்டிக் டேங்க், சம்ப், போர், காம்பவுண்டு, மின் இணைப்பு டெபாசிட் எதுவும் அந்த ரேட்டில் கிடையாது. ஆகவே சதுர அடி ரேட்டை மட்டும் வைத்து இரண்டு காண்ட்ராக்டரை ஒப்பிடாதீர்கள். எதை எதை அளப்பீர்கள், எதற்குப் பாதி ரேட், எது வெளியே என்று எழுதி வாங்கிய பிறகுதான் ஒரு ரேட் குறைவா அதிகமா என்றே தெரியும்.

அதுகூடப் பணத்தோடு போயிற்று. அஸ்திவாரத்தில் செய்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கரிசல் என்பது மழையில் தண்ணீரைக் குடித்து வீங்கும், கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். எங்கள் பக்கத்துக் காடுகளில் சித்திரை, வைகாசியில் கையை விட்டால் உள்ளே போகிற அளவு வெடிப்பு கிடக்கும். அந்த மண்ணின் மேல்பகுதி வருசா வருசம் ஏறி இறங்கும், வீட்டின் பாரம் அதில் நிற்கக் கூடாது. அதற்குக் கீழே அசையாத மண்ணில் நிற்க வேண்டும். இதற்காகவே அடியில் குடை மாதிரி அகலப்படுத்திய பைல் (மண்ணுக்குள் இறக்கும் கான்கிரீட் தூண்) போட்டு, மேலே பீம் கட்டி, அதன் மேல் சுவர் எழுப்புகிற முறை இருக்கிறது. அண்டர் ரீம்டு பைல் என்பார்கள், அதற்கு ஐஎஸ் 2911 என்று இந்தியத் தர அளவே உண்டு. கரிசல் ஆழம் குறைவாக இருந்தால் முழுவதையும் தோண்டி எடுத்துவிட்டுக் கீழே உள்ள கெட்டி மண்ணில் நிறுத்தலாம். எது சரி என்று சொல்ல மண் பரிசோதனை வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஒரு வீட்டுச் செலவில் ஒன்றுமே இல்லை. எங்கள் காண்ட்ராக்டர் அதை "வீண் செலவு அக்கா, இந்த ஏரியா மண்ணு நமக்குத் தெரியாததா" என்று சொல்லி, எஸ்டிமேட்டில் அதற்கென எழுதியிருந்த வரியையே அடித்துவிட்டார்.

ஒப்பந்தத்தில் வானம் (அஸ்திவாரக் குழி) 5 அடி என்று எழுதியிருந்தது. மாமா குழியைப் போய்ப் பார்த்துவிட்டு, "என்ன வே, ரெண்டரை அடிகூட இருக்காதே" என்று கேட்டிருக்கிறார். "அண்ணாச்சி, இன்னும் தோண்டணும், நாளைக்கு ஜேசிபி வருது, நீங்க வீட்டுக்குப் போங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்று பதில். மறுநாள் நாங்கள் போய்ச் சேர்வதற்குள் கான்கிரீட் போட்டு முடித்தாயிற்று. சண்டை போட்டபோதுதான், தரைக்கு மேலே வருகிற பேஸ்மென்ட் உயரத்தையும் சேர்த்து 5 அடி என்றார். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வார்த்தை கிடையாது. உங்கள் ஒப்பந்தத்தில் "இப்போதுள்ள தரைமட்டத்திலிருந்து கீழே இத்தனை அடி" என்று எழுதச் சொல்லுங்கள்.

அடுத்தது இன்னும் மோசம். தோண்டி எடுத்த கரிசலையே பேஸ்மென்டுக்குள் தள்ளி, மேலே மட்டும் கொஞ்சம் சரள் பரப்பிவிட்டார்கள். எஸ்டிமேட்டில் கிராவல் (சரள் மண்) நிரப்பி அரை அடிக்கு ஒரு தடவை தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு இறுக்குவதாக இருந்தது, அதற்குப் பணமும் வாங்கினார்கள். பேஸ்மென்டுக்குள் எது போகிறது என்பதை டைல்ஸ் போட்ட பிறகு யாராலும் பார்க்க முடியாது, தரையை உடைத்தால்தான் தெரியும். நாங்கள் உடைத்துத்தான் பார்த்தோம்.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒவ்வொரு வாரமும் முகப்புக்காக ஒரு புது செலவு வரும். ஜாலி டிசைன், கல் பதித்த தூண், ஹாலில் பால்ஸ் சீலிங் (கூரைக்கு அடியில் தொங்கவிடும் அலங்காரப் பலகை), அதைச் சுற்றி எல்இடி பட்டை. எல்லாம் "எக்ஸ்ட்ரா". வேண்டாம் என்றால், "மண்ணுக்குள்ள போறத எவன் பாக்கப் போறான் அக்கா? முகப்பு எடுப்பா இருந்தாத்தான் நாலு பேரு மதிப்பாவ. அண்ணன்கிட்ட நான் பேசிக்கிடுதேன்" என்று மஸ்கட்டுக்குப் போன் போய்விடும். அப்படிப் போன எக்ஸ்ட்ரா மட்டும் நாலரை லட்சம். பின்னால் நாங்கள் கூட்டி வந்த ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கணக்குப் பார்த்துவிட்டுச் சொன்னார், இந்தத் தொகைக்குள்ளேயே பைலும் பீமும் போட்டு, கொஞ்சம் மீதியும் இருந்திருக்கும் என்று.

2023 ஆவணியில் பால் காய்ச்சினோம். அந்த டிசம்பர் 17, 18 மழை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை. ஹால் பால்ஸ் சீலிங்கில் மஞ்சளாகக் கறை பரவியது. காண்ட்ராக்டரைக் கூப்பிட்டால், "தாமிரபரணியே ஊருக்குள்ள வந்துட்டு, உங்க வீடு ஒழுகாம இருக்குமா" என்றார். ஊரே தவித்துக்கொண்டிருந்த நேரம், நாங்களும் பேசாமல் இருந்தோம். ஆனால் 2024 கோடையில் ஜன்னல் மூலைகளிலிருந்து சுவர் சாய்வாக வெடித்தது, படுக்கையறைத் தரை நடுவில் இறங்கி ஓரத்தில் டைல்ஸ் தூக்கிக்கொண்டது. கோடையில் எந்த வெள்ளம் வந்தது? அந்த வருசம் ஐப்பசியில் சாதாரண மழைக்கே திரும்பவும் கறை. பால்ஸ் சீலிங்கைக் கழற்றிப் பார்த்தால் கூரையின் அடிப்பக்கம் முழுக்க ஈரம், ஒரு இடத்தில் கம்பி துருவேறித் தெரிகிறது. அந்த அலங்காரம் ஒரு வருசம் முழுக்க ஒழுகலை எங்கள் கண்ணிலிருந்து மறைத்திருக்கிறது. பட்ஜெட் வீட்டில் முதல் மழைக்காலம் முடியும் வரை பால்ஸ் சீலிங் போடவே கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

கூரை விசயத்தில் நடந்தது இது. வரைபடத்தில் 8 எம்எம் கம்பி 5 அங்குல இடைவெளி. கான்கிரீட் போடும் முன்னால் நான் எடுத்த போட்டோவில் அளந்து பார்த்தால் சில இடங்களில் 8 அங்குலம். கம்பிக்கு அடியில் கவர் பிளாக் (கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தும் சிறு கட்டை) வைக்கவில்லை, சின்னச் சின்ன ஜல்லியை வைத்துத் தூக்கியிருக்கிறார்கள், அதனால் கம்பி சென்ட்ரிங் பலகையை ஒட்டியே கிடந்திருக்கிறது. தண்ணீர் கட்டியது சில நாள்தான், லாரித் தண்ணீர் விலை அதிகம் என்று நிறுத்திவிட்டார்கள். ஐஎஸ் 456 என்ற கான்கிரீட் தர அளவின்படி சாதாரண ஓபிசி சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், இப்போது கடையில் அதிகம் விற்கும், சாம்பல் கலந்த பிபிசி சிமெண்டுக்கு 10 நாள் ஈரம் காயாமல் வைக்க வேண்டும். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதற்கு ஆகும் செலவு, கேட்டில் வைக்கிற பித்தளை டிசைன் செலவுகூட வராது. மேலே தட்டோடு (தட்டையான சுட்ட மண் ஓடு) பதிப்பதாகச் சொல்லிப் பணம் வாங்கிவிட்டு, வெள்ளையாக ஒரு பெயிண்ட் அடித்து வாட்டர்ப்ரூஃப் என்றார்கள். நம் ஊர் வெயிலுக்குத் தட்டோடோ கூல் டைல்ஸோ இல்லாத மாடியில் மத்தியானம் கீழே படுக்க முடியாது, அதைச் சொல்லவே வேண்டாம்.

கம்பி விசயத்தில் நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. ஒரு முழுக் கம்பி 12 மீட்டர் நீளம். 8 எம்எம் கம்பி ஏறத்தாழ 4.7 கிலோ, 10 எம்எம் 7.4 கிலோ, 12 எம்எம் 10.6 கிலோ, 16 எம்எம் 18.9 கிலோ இருக்க வேண்டும். கொஞ்சம் முன்னே பின்னே வரலாம், 12 எம்எம் என்று சொல்லி ஒன்பதரை கிலோ வந்தால் லாரியை அப்படியே திருப்பி அனுப்புங்கள். எம்சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) என்று சொல்லி கிரஷர் தூசியைக் கொட்டுவதும் நடக்கிறது. கையில் அள்ளித் தண்ணீர் உள்ள பாட்டிலில் போட்டுக் குலுக்கிப் பாருங்கள், மேலே சேறு தடிமனாக நின்றால் அது கான்கிரீட்டுக்கு ஆகாது.

பணம் அளவாக இருக்கும்போது எதை முதலில் செய்வது என்று என்னிடம் கேட்டால், பிறகு மாற்றவே முடியாததற்கு முழுப் பணத்தையும் கொடுங்கள் என்பேன். மண் பரிசோதனை, அஸ்திவாரம், பேஸ்மென்ட் நிரப்புவது, பிளிந்த் பீம் (பேஸ்மென்ட் மட்டத்தில் சுற்றி வரும் பீம்), தூண், கூரை, தண்ணீர் கட்டுவது, மாடி ஓடு. குழியிலேயே கரையான் மருந்து. பாத்ரூமில் டைல்ஸ் போடும் முன் வாட்டர்ப்ரூஃப் செய்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நிறுத்திப் பார்ப்பது. சுவருக்குள் போகிற வயர், பைப், எர்த். பின்னால் ஏசியோ இன்வெர்ட்டரோ வைக்கலாம் என்று எண்ணம் இருந்தால் இப்போதே காலிப் பைப் மட்டும் விட்டு வையுங்கள், சுவரை வெட்ட வேண்டாம். வீட்டின் மட்டம் ரோட்டை விட நல்ல உயரம், ரோடு போடப் போட ஏறும். ஜன்னல் எந்தப் பக்கம் என்பதற்குக் காசே கிடையாது, ஆனி ஆடியில் மேற்கிலிருந்து வருகிற காற்றுக்கு ஒரு வழியும் அது வெளியே போக எதிர்ப்பக்கம் ஒரு வழியும் வைத்தால் போதும். மேற்குச் சுவருக்கு நல்ல அகலமான சன்ஷேட் வேண்டும். எலிவேஷன், மாடுலர் கிச்சன், தேக்குக் கதவில் சிற்பம், கிரானைட், காம்பவுண்டு டிசைன் எல்லாம் இரண்டு வருசம் கழித்து, அடுத்த போனஸில் செய்யலாம். கடப்பா கல் மேடையில் சமைத்தால் சோறு வேகத்தான் செய்யும். மாடி பின்னால் கட்டலாம், ஆனால் அதற்கான தூணும் அஸ்திவாரமும் இப்போதே கணக்கில் வர வேண்டும்.

இன்னொன்று, யாரோ அதிகாரி வந்து பார்ப்பார் என்று நம்ப வேண்டாம். பேங்கிலிருந்து வருகிற இன்ஜினியர் எத்தனை சதவீதம் வேலை முடிந்தது என்று பார்த்துப் பணம் விடுவிக்கத்தான் வருகிறார், உங்கள் கம்பி இடைவெளியை அளக்க அல்ல. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்ட சுயசான்றிலேயே (விதிப்படி கட்டுவதாக நாமே உறுதி கொடுத்து) அனுமதி கிடைக்கிறது. அலைச்சல் குறைந்தது நல்லதுதான், ஆனால் சோதிக்கிற பொறுப்பு முழுக்க நம் தலையில் வந்துவிட்டது. காண்ட்ராக்டருக்குச் சம்பந்தம் இல்லாத ஒரு இன்ஜினியரை அஸ்திவாரக் குழி, பேஸ்மென்ட் நிரப்புவது, ஒவ்வொரு கான்கிரீட்டுக்கும் முந்தின நாள் என்று அந்தந்தக் கட்டத்துக்குக் கூலி பேசிக் கூப்பிடுங்கள். அவர் சரி என்று சொல்லாமல் கான்கிரீட் போட்டால் அந்தக் கட்டத்துப் பணம் கிடையாது என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

எங்களிடம் கூரை போட்டு முடித்ததுமே 80 சதவீதப் பணம் என்று அட்டவணை போட்டுக் கொடுத்திருந்தார்கள். பூச்சு வேலை தொடங்கியதும் ஆளே வரவில்லை, கேட்டால் எக்ஸ்ட்ராவைக் கொடுத்தால்தான் ஆள் வரும். முடிந்த வேலைக்கு மேல் ஒரு ரூபாய்கூட முன்னால் போகக் கூடாது. கடைசி 5 சதவீதத்தை ஒரு ஐப்பசி கார்த்திகை தாண்டும் வரை பிடித்து வைப்பதாக முதலிலேயே பேசுங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாதவரை விட்டுவிடுங்கள், இந்த ஊரில் நல்ல கொத்தனாரும் நாணயமான காண்ட்ராக்டரும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: 500 சதுர மீட்டருக்குக் குறைந்த மனையில் நமக்காக நாம் கட்டும் வீட்டுக்கு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பயன்படாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீடு கட்டிக் கொடுப்பதும் சேவை என்றே சேர்த்திருக்கிறார்கள். கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருசத்துக்குள் கொடுக்க வேண்டும். "சரி பண்ணித் தாரேன், தாரேன்" என்று அவர்கள் இழுப்பதே அந்த இரண்டு வருசத்தைத் தாண்ட வைக்கத்தான். ரிப்பேர் செய்வதற்கு முன்னால் வெடிப்புகளைத் தேதியோடு போட்டோ எடுங்கள், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் எழுத்தில் ரிப்போர்ட் வாங்குங்கள். பணத்தை ரொக்கமாகக் கேட்டாலும் பேங்க் வழியாகவே அனுப்புங்கள். எங்கள் வழக்கில் இன்றைக்கு வலுவாக நிற்பது அந்தக் கம்பி போட்டோவும், தரையை உடைத்தபோது சரளுக்குக் கீழே கறுப்பாகத் தெரிந்த மண்ணின் வீடியோவும்தான்.