வீட்டுக் கிணறா, கண்காணிப்புக் குழாய்க் கிணறா?

யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் கிணற்று நீரில் கழிவு எண்ணெய் என்ற விவகாரம் 2015 வாக்கில் பெரிதானபோது, சோதிக்கக் கைக்கெட்டியவை வீட்டுக் கிணறுகள்தான். செலவில்லை, வாளி போட்டால் போதும். ஆனால் எண்ணெயில் உள்ள, எளிதில் ஆவியாகும் நச்சுப் பொருளான பென்சீன் திறந்த கிணற்றில் காற்றோடு போய்விடும். வாளியை இழுக்கையில் இன்னும் கொஞ்சம் பறக்கும். 'சுத்தம்' என்று அறிக்கை வந்தாலும் முழுதாக நம்ப முடியாது.

நிலத்தடி நீரைச் சோதிக்கவென்றே துளைத்து இறக்கும் கண்காணிப்புக் குழாய்க்குக் காசு ஆகும், சரி. ஆனால் அதன் துளையிட்ட பகுதி நீர்மட்டத்துக்கு மேலும் கீழுமாக நின்றால், மிதக்கும் எண்ணெய்ப் படலம் உள்ளே வரும், தடிப்பை அளக்கலாம். அது முழுக்க மூழ்கினால் படலம் சிக்காது, காசு வீண். எந்தக் கிணறானாலும், நீர் மாதிரி எடுக்கும் குப்பியில் ஒரு காற்றுக் குமிழிகூட இருக்கக்கூடாது; இருந்தால் பென்சீன் அதற்குள் போய்விடும்.

சுண்ணாம்புக்கல் வெடிப்புகளில் நீர் ஓடும் இடத்தில் ஒன்றிரண்டு குழாய் காணாது. என் ஓட்டு குழாய்க்கே. குடிக்கிற கிணற்றையும் விட்டுவிடாமல்.