தாதி உதவியாளர் பயிற்சிக்குப் பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்: 185,000 ரூபாவை இழந்தவள் எழுதுகிறேன்

வெள்ளவத்தையில் உள்ள ஒரு தனியார் பயிற்சி நிலையம், தாதி உதவியாளர் கற்கைநெறியின் புதிய பிரிவுக்கு ஆட்களைச் சேர்ப்பதாக நேற்று மாலை விளம்பரம் வெளியிட்டிருக்கிறது. அந்த விளம்பரப் படத்தில் வெள்ளைச் சீருடையுடன் இடமிருந்து மூன்றாவதாகச் சிரித்துக்கொண்டு நிற்பவள் நான். என் பணத்தை விழுங்கியது போதாதென்று, என் முகத்தைக் காட்டியே அடுத்த பிள்ளைகளையும் பிடிக்கப் பார்க்கிறார்கள். முறைப்பாடு கொடுத்திருப்பதால் நிலையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

சென்ற வருடம் அம்மாவுடன் அங்கே விசாரிக்கப் போனபோது, எங்களை வரவேற்ற பெண் இணைப்பாளர் கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அம்மா படியேறி வந்த களைப்பில் மூச்சு வாங்குவதைக் கண்டதும், கதிரையில் இருத்தி, தண்ணீர் கொடுத்து, கையில் பட்டியைச் சுற்றி இரத்த அழுத்தம் பார்த்தார். "அம்மா, பிரஷர் கொஞ்சம் கூட இருக்கு, உப்பைக் குறையுங்கோ. உங்கட மகள் படிச்சு முடிச்சா அவவே வீட்டில பாப்பா" என்று சிரித்தார். அந்த ஒரு நிமிடத்தில் அம்மா அவருடைய பேச்சில் விழுந்துவிட்டார். உண்மையைச் சொன்னால், நானும்தான். சுவரில் கண்ணாடிச் சட்டமிட்டு அரச பதிவுச் சான்றிதழ் ஒன்று தொங்கியது. அதைக் கையால் காட்டி, "அரசாங்கப் பதிவுள்ள இடம், பயப்படாதீங்கோ" என்றார். எழுந்து போய் அதை வாசித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

பதிவுக்கு 15,000, முதல் தவணை 100,000, இரண்டாம் தவணை 70,000. மொத்தம் 185,000 ரூபா. முதல் தவணைக்கு அம்மாவின் இரண்டு காப்புகளை அடைவு வைத்தோம். மீதியைச் சீட்டு எடுத்துக் கட்டினோம். ஆறு மாதப் படிப்பு, அதில் மூன்று மாதம் வைத்தியசாலையில் செய்முறைப் பயிற்சி, முடிவில் என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற்தகைமையின் நான்காம் தரச் சான்றிதழ், அதை வைத்துக்கொண்டு அமெரிக்காவிலும் வேலை செய்யலாம் என்றார்கள்.

மூன்று மாத வைத்தியசாலைப் பயிற்சி என்பது ஒரு முதியோர் இல்லத்தில் இரண்டே நாட்களாகச் சுருங்கியது. அந்த இரண்டு நாட்களும் படுக்கை விரிப்பு மடித்தோம். வகுப்பறையில் 22 பேருக்கு ஒரு பிளாஸ்டிக் பொம்மை இருந்தது. தூக்கினால் அதன் இடது கை கழன்று வரும். படுக்கையில் கிடக்கும் நோயாளியை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டாவிட்டால் படுக்கைப்புண் வரும் என்று கொப்பியில் மூன்று முறை எழுதினோம். உயிருள்ள ஒரு மனிதரை ஒரு தடவையாவது புரட்டிப் பார்க்கவில்லை.

சான்றிதழுடன் கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். அங்கிருந்தவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில் இலக்கம் எங்கே?" என்று கேட்டார். தங்க நிறத்தில் பெரிதாக "தரம் 4" என்று இருந்தது. எந்தத் தகைமையின் தரம் 4 என்பது எங்கேயும் இல்லை. வெட்கத்தில் பேச்சு வராமல் வெளியே வந்தேன்.

மறுநாள், பயிற்சி நிலையங்களைப் பதிவு செய்யும் அரச அமைப்பான, நாரஹேன்பிட்டியில் உள்ள மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவுக்குப் போனபோதுதான் விடயம் விளங்கியது. நிலையம் பதிவு செய்யப்பட்டது உண்மை. ஆனால் நிலையத்தைப் பதிவு செய்வது வேறு, அங்கே நடக்கும் ஒவ்வொரு கற்கைநெறிக்கும் தனியாக அங்கீகாரம் பெறுவது வேறு. தாதி உதவியாளர் கற்கைநெறிக்கு அவர்களிடம் அந்த அங்கீகாரம் இல்லை. பதிவுபெற்ற மதிப்பீட்டாளர்களின் மதிப்பீட்டில் சித்தியடைந்தால்தான் என்.வி.கியூ. கிடைக்கும், எங்கள் 22 பேரில் ஒருவருடைய பெயரும் மதிப்பீட்டுக்கு அனுப்பப்படவில்லை. வீட்டுக்கு வந்து பற்றுச்சீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். மூன்றிலும் "ஆங்கில மொழி வகுப்புக் கட்டணம்" என்று எழுதியிருந்தது. அடியில் நீல முத்திரை: "கட்டிய பணம் திருப்பித் தரப்படமாட்டாது." கட்டிய அன்றே கையில் தந்த தாள்கள்தான் இவை.

அமெரிக்கக் கதையும் பொய். அங்கே தாதி உதவியாளராக வேலை செய்யும் என் சித்தியின் மகளிடம் கேட்டேன். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குறைந்தது 75 மணித்தியாலப் பயிற்சி வேண்டும்; அதில் 16 மணித்தியாலமாவது மேற்பார்வையுடன் கூடிய செய்முறையாக இருக்க வேண்டும். பயிற்சியை அந்தந்த மாநிலம் அங்கீகரித்திருக்க வேண்டும். அதன்பின் பரீட்சையில் தேறி, மாநிலப் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். காலி வீதியில் மாடியில் கொடுக்கும் தாளை அங்கே யார் கேட்கிறார்கள்?

பணத்தைத் திருப்பிக் கேட்கப் போன முதல் நாள், "முடிவு வரத் தாமதம், அடுத்த கிழமை வாங்கோ" என்றார்கள். அடுத்த கிழமை பணிப்பாளர் இந்தியா போயிருந்தார். அதற்கடுத்த கிழமையும் அவர் இந்தியாவில்தான் இருந்தார். ஆனால் அவருடைய கார் கீழே நின்றது. அம்மாவுக்குப் பிரஷர் பார்த்த அதே இணைப்பாளர், "மற்றப் பிள்ளைகள் எல்லாம் பேசாமல் இருக்கினம், நீங்கள் மட்டும் ஏன் தங்கச்சி இப்பிடி?" என்று என்னையே குற்றவாளியாக்கினார். பிறகு புதிய வழி ஒன்று சொன்னார்: இன்னும் 25,000 ரூபா கட்டினால், நான் இரண்டு வருடம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்ததாகக் கடிதம் எடுத்துத் தருவாராம், அதைக் காட்டி, அனுபவமுள்ளவர்களுக்கான வழியில் மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாமாம். உண்மையாக வேலை செய்து பழகியவர்களுக்காக உள்ள நல்ல ஏற்பாடு அது. என்னைப் பொய்க் கடிதத்துடன் அங்கே போகச் சொன்னார். மறுத்தேன். அன்றிலிருந்து என் தொலைபேசி அழைப்புகளுக்குப் பதில் இல்லை. 185,000 ரூபாவில் ஒரு சதமும் இன்றுவரை திரும்பவில்லை. காப்புகளுக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது.

சேர நினைப்பவர்களுக்கு விரிவாக எழுத இருந்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாக: நிலையம் பதிவானதா என்று மட்டும் கேட்காதீர்கள், இந்தக் கற்கைநெறிக்கு அங்கீகாரம் உண்டா என்று ஆணைக்குழுவிடமே கேளுங்கள். பற்றுச்சீட்டில் என்ன எழுதுகிறார்கள் என்பதைப் பணம் கொடுக்கும் இடத்திலேயே வாசியுங்கள். தொழிற்பயிற்சி அதிகாரசபை போன்ற அரச நிறுவனங்களில் முதலில் விசாரியுங்கள். வெளிநாட்டு வேலை என்றால் வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழையுங்கள்.

எங்கள் பிரிவில் இதுவரை ஏழு பேர் முறைப்பாட்டுக்காக ஒன்றுசேர்ந்திருக்கிறோம். "ஆங்கில வகுப்பு" என்று எழுதிய பற்றுச்சீட்டு வேறு யாரிடமாவது இருந்தால் அதைக் கிழித்துப் போடாமல் எனக்கு எழுதுங்கள். திங்கட்கிழமை காலை மறுபடியும் பொலிஸ் நிலையத்துக்குப் போகிறோம்.