ஐம்பது டாலருக்கு எழுதினால் கையில் எவ்வளவு நிற்கும்?

இணையத்தில் எழுதிச் சம்பாதிக்கலாம் என்று ஆசை காட்டும் காணொளிகள் எல்லாம் கணக்குத் தொடங்குவது எப்படி என்பதோடு நின்றுவிடுகின்றன. பணம் கைக்கு வந்து சேரும் வழியில் யார் யார் எவ்வளவு எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. என் அப்பச்சியிடம் எந்த வியாபாரத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசினாலும், "கழிவு போகவா, கழிவுக்கு முன்னாலா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். வேலை கொடுப்பவரையும் செய்பவரையும் சேர்த்துவைக்கும் இணையத் தளங்களான ஃபைவர், அப்வொர்க் இரண்டையும் அந்தக் கேள்வியை வைத்துத்தான் இங்கே மதிப்பிடுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. காரைக்குடியில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தேன். மாமியாருக்கு உடம்புக்கு முடியாமல் போனபிறகு வேலையை விட்டுவிட்டேன். குடும்பம் கணவரின் கடையை வைத்து ஓடுகிறது. எழுத்தில் வருவது மகளின் விடுதிக் கட்டணத்துக்கும், வீட்டு ஓடு மாற்றுவது போன்ற திடீர்ச் செலவுகளுக்கும். ஆகவே இதையே முழு வருமானமாக நம்பி இறங்க நினைப்பவர்கள், நான் சொல்வதை இன்னும் கொஞ்சம் கறாராகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஃபைவர் 2010இல் இஸ்ரேலில் தொடங்கிய தளம். ஐந்து டாலருக்கு ஒரு வேலை என்பதுதான் ஆரம்பத்தில் அதன் அடையாளம். பெயரும் அதிலிருந்து வந்ததுதான். இப்போது எந்த விலையும் வைக்கலாம். இங்கே நாம் யாரையும் தேடிப் போக வேண்டியதில்லை. கடை விரித்து, "இன்னது எழுதித் தருவேன், இவ்வளவு விலை, இத்தனை நாளில்" என்று பலகை மாட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். விற்பவரிடம் 20 சதவீதம் கழிவு. ஐம்பது டாலருக்கு எழுதினால் நமக்கு நாற்பது. வாங்குபவர் தன் பங்குக்குத் தனியாக ஒரு கட்டணம் கட்டுகிறார் என்பதையும் மறக்கக்கூடாது. நாம் ஐம்பது என்று போட்டிருப்பது அவருக்கு ஐம்பதாக இருப்பதில்லை. வேலை முடிந்து அவர் ஏற்றுக்கொண்ட பிறகும் பெரும்பாலான விற்பனையாளர்களுக்குப் பணம் 14 நாள் கழித்துத்தான் எடுக்கக் கிடைக்கும். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இந்தத் தளம் பொருந்தும். விலை பேச வேண்டாம், விண்ணப்பம் எழுத வேண்டாம். ஆனால் அதே பலகையை மாட்டிக்கொண்டு உலகம் முழுக்க ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். "எந்தத் தலைப்பிலும் கட்டுரை எழுதித் தருவேன்" என்று பொதுவாகப் போட்டால் நம் கடை யார் கண்ணிலும் படாது.

எனக்கு வரவு அதிகம் வந்தது அப்வொர்க்கில்தான். ஈலான்ஸ், ஓடெஸ்க் என்று தனித்தனியாக இருந்த இரண்டு தளங்கள் இணைந்து, 2015இல் இந்தப் பெயருக்கு மாறின. இங்கே வேலை கொடுப்பவர் விளம்பரம் போடுவார், நாம் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிக்கக் 'கனெக்ட்' என்ற டோக்கன்கள் வேண்டும். ஒரு டோக்கன் 15 சென்ட். நல்ல வேலை என்றால் பத்து, பதினைந்து டோக்கன்கூடக் கேட்கும். பதினைந்து என்றால் இரண்டேகால் டாலர், நம் பணத்தில் ஏறக்குறைய இருநூறு ரூபாய். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் போனது போனதுதான். முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைக்குள் நுழைவதற்கே காசு கேட்டால் எப்படியிருக்கும், அப்படித்தான் முதலில் தோன்றியது. பழகியபின் இதில் ஒரு நன்மையும் தெரிந்தது: காசு போகிறதே என்ற பயத்தில் கண்டதற்கெல்லாம் விண்ணப்பிக்காமல், விளம்பரத்தை ஒருமுறைக்கு இருமுறை படிக்கிறோம்.

கழிவு விஷயத்தில் அப்வொர்க் அடிக்கடி விதியை மாற்றிக்கொண்டே இருக்கிறது. 2023 மே முதல் எல்லாருக்கும் ஒரே 10 சதவீதம் என்றார்கள். 2025 மே முதல் புது ஒப்பந்தங்களுக்கு வேலையைப் பொறுத்து 0 முதல் 15 சதவீதம் வரை என்று ஆகியிருக்கிறது. எவ்வளவு என்பது விண்ணப்பிக்கும்போதே திரையில் தெரியும். அதைப் பார்த்துவிட்டுத்தான் விலை சொல்ல வேண்டும். பத்து சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஐம்பது டாலரில் நாற்பத்தைந்து நிற்கும். அதிலிருந்து டோக்கன் செலவைக் கழிக்க வேண்டும். கிடைத்த வேலைக்கான டோக்கனை மட்டும் கழித்தால் போதாது, கிடைக்காமல் போன வேலைகளுக்குக் கொடுத்த டோக்கன்களும் இந்தக் கணக்கில்தான் சேர வேண்டும். அப்படிப் பார்த்தால் புதிதாக வருபவருக்கு அப்வொர்க்கின் நாற்பத்தைந்தும் ஃபைவரின் நாற்பதும் பெரிய வித்தியாசம் இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். வாடிக்கையாளர் ஒருவர் திரும்பத் திரும்ப வேலை கொடுக்க ஆரம்பித்தால்தான் அப்வொர்க் முந்துகிறது, ஏனென்றால் அவரிடம் மறுபடி டோக்கன் செலவு கிடையாது.

அப்வொர்க்கில் எனக்குப் பிடித்தது பணத்துக்கு இருக்கும் பாதுகாப்பு. மொத்த விலைக்குப் பேசிய வேலை என்றால் வாடிக்கையாளர் பணத்தை முன்கூட்டியே அப்வொர்க்கிடம் கட்டிவைக்க வேண்டும். கட்டுரையை ஒப்படைத்தபின் 14 நாள் அவர் வாய் திறக்காவிட்டால் பணம் தானாக விடுவிக்கப்படும். அதற்குப் பிறகு ஐந்து நாள் காத்திருப்பு. மணிக்கணக்கு வேலை என்றால் ஒரு செயலியை ஓடவிட வேண்டும். அது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நம் திரையைப் படம் பிடித்து அனுப்பும். பள்ளியில் தலைமையாசிரியர் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தபோதுகூட எனக்கு இத்தனை கூச்சமாக இருந்ததில்லை. ஆனால் அந்தப் படங்கள் இருந்தால்தான் அப்வொர்க் சம்பளத்துக்கு உத்தரவாதம் தரும்.

இந்தப் பாதுகாப்பின் அருமை தெரிய வேண்டுமென்றால் தளத்துக்கு வெளியே ஒருமுறை எழுதிப் பார்க்க வேண்டும். பெருநகரத்தில் இயங்கும் ஓர் இடைத்தரகு நிறுவனம், பெயர் வேண்டாம், சொல்லுக்கு ஐம்பது காசு என்று பேசி எழுத வைத்தது. ஆயிரம் சொல்லுக்கு ஐநூறு ரூபாய். பில் அனுப்பி நாற்பத்தைந்து நாளில் பணம் என்றார்கள். நாற்பத்தைந்து நாள் முடிந்தபோது எனக்கு வேலை கொடுத்த ஆசிரியரே அங்கே இல்லை. புதிதாக வந்தவருக்கு என் பெயரே தெரியவில்லை. கட்டுரைகள் மட்டும் அவர்கள் வாடிக்கையாளரின் தளத்தில் பளபளவென்று இருந்தன.

இனி எதை எழுதினால் விலை கிடைக்கிறது என்பது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபிறகு "உடல் எடையைக் குறைக்கப் பத்து வழிகள்" வகைக் கட்டுரைகளுக்குக் காசு கொடுப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். நான் பிழைத்தது ஊரால். வெளிநாட்டு உள்ளலங்கார நிறுவனம் ஒன்று, எங்கள் பக்கத்துத் தரைக்கல்லான ஆத்தங்குடிக் கல்லைப் பற்றி ஒரு பக்கம் கேட்டது. அவர்கள் தந்த மாதிரி வரைவில், "சூளையில் சுட்டெடுக்கப்படும் பாரம்பரியக் கற்கள்" என்று இருந்தது. ஆத்தங்குடிக் கல் சூளையையே பார்த்ததில்லை. பஸ் ஏறிப் போய் ஒரு பட்டறையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தேன். தரையில் கண்ணாடித் துண்டு. அதன்மேல் சட்டம், சட்டத்துக்குள் பூ வடிவ அச்சு. அச்சின் ஒவ்வோர் அறையிலும் ஒரு வண்ணச் சாந்தைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கியதும் வண்ணங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் அப்படியே நிற்கின்றன. அதன்மேல் காய்ந்த மணல், சிமென்ட் கலவையைத் தூவி, பிறகு ஈரக் கலவையை அடைத்து மட்டமாக்குகிறார்கள். வெயிலில் வைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகு கண்ணாடியிலிருந்து பிரிக்கிறார்கள். நாம் தரையில் பார்க்கும் வழவழப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. கையால் ஊற்றுவதால் ஒரு கல்லின் பூ இன்னொரு கல்லின் பூவைப் போலவே இருப்பதில்லை.

இதை அப்படியே எழுதி, பட்டறையில் எடுத்த படங்களோடு அனுப்பினேன். அடுத்த வேலைக்கு அவர்களே விலையைக் கூட்டினார்கள். அதைப் பார்த்த ஒரு சமையல் தளத்தார் கல்பாசி என்ற மசாலாப் பொருளைப் பற்றிக் கேட்டார்கள். ஆங்கிலத்தில் அதற்குக் கல்பூ என்ற பொருளில் பெயர் இருப்பதால் அதை நிஜமாகவே பூ என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். பாறையிலும் மரப்பட்டையிலும் படரும் லைக்கன் (பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர்) வகை அது, கையில் எடுத்து முகர்ந்தால் பெரிதாக வாசனை இராது, சூடான எண்ணெயில் விழுந்தபின்தான் மணக்கும் என்று எழுதியதற்கு ஒரு கேள்விகூடத் திரும்பி வரவில்லை.

இதிலும் ஒரு தொல்லை உண்டு. ஒரு வாடிக்கையாளர் என் கட்டுரையை ஏதோ ஒரு சோதனைக் கருவியில் போட்டுப் பார்த்துவிட்டு, பாதிக்குமேல் இயந்திரம் எழுதியது என்று சொல்லிப் பணத்தை நிறுத்தி வைத்தார். இருபது வருடம் இலக்கணம் கற்பித்தவள் பிழையில்லாமல் எழுதினால் இயந்திரமா? கூகுள் டாக்ஸில் எழுதியிருந்ததால் திருத்த வரலாறு முழுவதும் இருந்தது. எந்த வாக்கியத்தை எப்போது அடித்தேன், எப்போது மாற்றினேன் என்று அதைத் திறந்து காட்டியபின் பணம் வந்தது. அன்றிலிருந்து கடைசிப் பிரதியை மட்டும் தனியாக ஒட்டி அனுப்புவதில்லை; ஆவணத்தையே பகிர்ந்துவிடுகிறேன்.

தமிழில் எழுதிச் சம்பாதிக்க முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. இந்த வெளிநாட்டுத் தளங்களில் தமிழுக்கு வரும் வேலை பெரும்பாலும் மொழிபெயர்ப்பும் திருத்தமும்தான். கதை எழுதுபவர்கள் பெங்களூரில் 2014இல் தொடங்கிய கதைத் தளமான பிரதிலிபியைப் பார்க்கலாம். நூலை நாமே வெளியிட உதவும் அமேசானின் கிண்டில் நேரடி வெளியீட்டில் தமிழ் நூல்களும் போடலாம். 35 சதவீதம், 70 சதவீதம் என்று இரண்டு உரிமைத்தொகை வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் விற்கும் பிரதிகளுக்கு 70 கிடைக்க வேண்டுமென்றால் அந்த நூலை அவர்களுடைய பிரத்யேகத் திட்டத்தில் சேர்த்து, மின்னூலை வேறெங்கும் விற்காமல் இருக்க வேண்டும். நான் கதை எழுதுபவள் இல்லை, அதனால் இவற்றுக்கு மதிப்பெண் போடும் தகுதி எனக்குக் கிடையாது.

வங்கிப் பக்கம் சொல்ல வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்கு, அது எதற்காக வந்தது என்று சொல்லும் நோக்கக் குறியீடு கேட்பார்கள். ஒருமுறை சரியாகக் கொடுத்துவிட்டால் போதும். நாணய மாற்றின்போது நடுவில் இருப்பவர் ஒரு துண்டு எடுத்துக்கொள்வார், அது கட்டணம் என்ற பெயரில் தெரியாது, அன்றைய சந்தை மதிப்போடு ஒப்பிட்டால்தான் தெரியும். அதனால் சில்லறையாக எடுக்காமல் சேர்த்து எடுக்கிறேன். பணம் வந்ததற்கான சான்றைப் பதிவிறக்கி வைத்துக்கொள்வது நல்லது, ஆடிட்டர் கேட்பார். ஜிஎஸ்டி பதிவு சேவைகளுக்கு ஆண்டு மொத்த வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான். என் வரவுக்கு அந்தக் கவலை இல்லை. வருமான வரிக் கணக்கில் மட்டும் ஒளிக்காமல் காட்டிவிட வேண்டும்.

முன்பணம் கட்டச் சொல்லி வரும் 'வீட்டிலிருந்தே டைப்பிங்' வேலைகளைப் பற்றி ஒரே வரி: வேலை கொடுப்பவர் நம்மிடம் காசு கேட்டால் அது வேலை இல்லை. எங்கள் தெருவில் ஒரு பெண் பதிவுக் கட்டணம் கட்டி, பிறகு "பிழை அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள்" என்று வக்கீல் நோட்டீஸ் மிரட்டல் வேறு வாங்கினாள். இணையக் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் கொடுக்கச் சொன்னேன்.

இரவு வேலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்கா விழிக்கும்போது நாம் தூங்கப் போகிறோம். "என்ன ஆச்சி, ராத்திரி பதினோரு மணிக்கு முகப்பில் விளக்கு எரிகிறது, கல்யாணச் சாமான் பட்டியலா எழுதுகிறீர்கள்?" என்று அடுத்த வீட்டார் கேட்டார்கள். வாடிக்கையாளரின் கேள்விக்கு அந்த நேரத்தில் பதில் போனால்தான் வேலை நகர்கிறது. குழந்தைகள் சின்னவர்களாக இருக்கும் வீட்டில் இது எளிதில்லை.

மொத்தத்தில் ஃபைவருக்கு ஐந்துக்கு இரண்டரை, அப்வொர்க்குக்கு மூன்றரை. ஃபைவரில் என் கடையை மூடவில்லை. ஆத்தங்குடிக் கல், செட்டிநாட்டு வீடு, சமையல் என்ற மூன்றுக்கு மட்டும் பலகை வைத்து விலையைக் கூட்டிவிட்டேன். அப்வொர்க்கில் இப்போது பேசிக்கொண்டிருப்பது 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலையைப் பற்றிய தொடர். மணிக்கணக்கில் தருகிறேன் என்றார்கள். தறிக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக் குறித்துக்கொள்ளும் நேரத்தில் எந்தத் திரையைப் படம் பிடிப்பது? ஆகவே மொத்த விலை, இரண்டு தவணை, முதல் தவணையைக் கட்டிவைத்தபிறகுதான் நெசவாளர் வீட்டுக்குப் போவேன் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.