மாதாவுக்கு ஒரு கடன்: டெல்டாவில் ஒரு டிசம்பர்ப் பயணம்

அம்மாவுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை நடந்த நாளில் நான் ஜெர்மனியில், லைப்சிக் நகரில் இருந்தேன். தொலைபேசியில் விவரம் கேட்பதைத் தவிர என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. அம்மாவோ, மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்பே வேளாங்கண்ணி மாதாவிடம் பேசி முடித்துவிட்டார்: கால் ஊன்றி நடக்கத் தொடங்கினால் வெள்ளியில் ஒரு கால் உரு வாங்கி, அதைக் கிறிஸ்துமஸ் இரவிலேயே காணிக்கையாகச் செலுத்துவது என்று. அதனால்தான் வழக்கம்போலப் பொங்கலுக்கு வராமல் இம்முறை டிசம்பரில் ஊருக்கு வந்தேன். முதியவர்களை அழைத்துக்கொண்டு அந்த மாதத்தில் டெல்டாவில் பயணம் செய்ய எண்ணும் வெளிநாட்டுத் தமிழர்களுக்குச் சில விவரங்கள் பயன்படும். ஆனால் என்னை எழுதத் தூண்டியது வசதிகளின் நிறைகுறை அன்று. அவற்றை யார் யாருக்குச் செய்துகொடுத்தார்கள் என்பதுதான்.

கொழும்பு வழியாகத் திருச்சியில் இறங்கினேன். 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட புதிய முனையம் விசாலமாக இருக்கிறது. பெட்டிகள் வரத்தான் வெகுநேரம் ஆனது. வெளியே, பத்து நாட்களுக்கும் வாடகைக்குப் பேசியிருந்த காரின் ஓட்டுநர் காத்திருந்தார். நாகூர்க்காரர், அறுபதை நெருங்குபவர், நீடாமங்கலம் பக்கம் குடியேறி நீண்ட காலமாகிறது. எங்கள் வீட்டில் எல்லோரும் அவரை 'பாய்' என்றே அழைப்போம். நான் கேட்காமலேயே மடக்குச் சக்கர நாற்காலி ஒன்றைக் காரின் பின்புறத்தில் வைத்திருந்தார். "அம்மாவுக்கு வேண்டியிருக்கும் தம்பி, அங்கங்க போய்க் கேட்டு நிக்கக் கூடாது" என்றார். அதற்குத் தனியாகப் பணம் வாங்கிக்கொள்ளவில்லை.

வீட்டில் மார்கழி நடந்துகொண்டிருந்தது. அம்மா நான்கரைக்கு எழுந்து, இன்னும் குனிய முடியாத காலோடு, முக்காலியில் அமர்ந்து வாசலில் கோலமிட்டு, சாண உருண்டையில் பூசணிப்பூவைச் செருகிவைப்பார். சம்பா கதிர் பிடித்திருந்த வயல்களின் மேல் பனி நிற்கும். கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்கும். மாலையானால் அதே தெருவில் கேரல் பாடுவோர் வருவார்கள். அடுத்த வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார், கத்தோலிக்கர். ஒவ்வோர் ஆண்டும் தம் வீட்டில் கறி சமைக்கத் தொடங்குவதற்கு முன்பே, தனி எண்ணெயில் சுட்ட அதிரசத்தையும் முறுக்கையும் தனித் தூக்கில் வைத்துக் கொடுத்தனுப்பிவிடுவார். அம்மா சைவம் என்பதால் இந்த ஏற்பாடு. தூக்கைக் காலியாகத் திருப்பித் தரக் கூடாது என்று அம்மா அதில் சர்க்கரையாவது போட்டு அனுப்புவார். இதை இருவரும் பெரிய விஷயமாகப் பேசி நான் கேட்டதில்லை.

ஆனால் எங்கள் குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் அதே வாரத்தில், கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்வதுகூட நம் தர்மத்துக்கு விரோதம் என்று ஒரு செய்தி வந்தது. அத்தை ஒருவர் நேரில் வந்து, மார்கழி விரதத்தில் வேளாங்கண்ணிக்குப் போகலாமா என்று அம்மாவிடம் கேட்டார். "நான் வேண்டிக்கிட்டது அவகிட்ட. கடனை அவகிட்டதானே தீர்க்கணும்? பெருமாள்கிட்டக் கொண்டுபோய்க் கட்டினா அவர் ஏத்துக்குவாரா?" என்றார் அம்மா. சமரசம் பற்றி நான் மனத்தில் அடுக்கிவைத்திருந்த வாதங்கள் எவையும் இந்தக் கணக்கின் முன் நிற்கவில்லை. அம்மாவுக்குச் சமயக் கொள்கை என்று தனியாக ஏதும் இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றவேண்டும் என்பது மட்டும் உண்டு.

புறப்படுவதற்கு முன் எங்கள் ஊர்ச் சிவன் கோயிலுக்குப் போனோம். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்த பாய், கொடிமரத்துக்கு முன்பே தாமாக நின்றுவிட்டார். அங்கே ஒரு பலகை இருக்கிறது. இந்துக்கள் அல்லாதோர் அதற்கப்பால் செல்லலாகாது என்பது அதன் வாசகம். சிறு வயது முதல் அதைக் கடந்து சென்றிருக்கிறேன், அன்றுதான் நின்று படித்தேன். மெய்க்காவல் ஓடிவந்து நாற்காலியைத் தாம் வாங்கித் தள்ளிச் சென்றார். திரும்பும்போது குருக்கள், "பாய்க்குக் குடுங்கோ" என்று ஓர் இலையில் வெண்பொங்கல் வைத்துக் கொடுத்தார். பாய் அதைக் காரில் அமர்ந்து மகிழ்ச்சியோடுதான் உண்டார். கொடிமரத்தடியில் அவர் நின்ற நிற்றலை அந்தப் பொங்கல் ஈடுசெய்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் பலகையை வைத்தவர்களும் பொங்கலைக் கொடுத்தவரும் ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

மறுநாள் தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் காலைச் சோதித்துப் பார்த்தார்கள். முன்பதிவு இருந்தும் மூன்று மணி நேரம் காக்க வைத்தார்கள். சிகிச்சையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காத்திருந்த வேளையில் நோயாளிகளிடையே துண்டுப் பிரசுரம் கொடுத்துக்கொண்டு வந்த ஒருவர், அம்மாவின் நெற்றியைப் பார்த்துவிட்டு, நீங்கள் கும்பிடுபவை வெறும் கற்கள், அவற்றால் உங்கள் கால் குணமாகாது என்று சொன்னார். அம்மா பதில் பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நோயுற்று வந்து வரிசையில் அமர்ந்திருப்பவரிடம், எழுந்து போக முடியாதவரிடம், அப்படிப் பேசுவது எந்தச் சமயத்தின் பெயரால் நடந்தாலும் கொடுமை. அதை அந்த மனிதரிடமே சொன்னேன்.

மனம் கலங்கியிருந்ததால் அன்று மாலை, சிவகங்கைப் பூங்காவை ஒட்டியுள்ள சுவார்ட்ஸ் தேவாலயத்துக்கு அம்மாவை அழைத்துச் சென்றேன். 1779-இல் கட்டப்பட்டது. உள்ளே, இங்கிலாந்துச் சிற்பி ஃபிளாக்ஸ்மன் செதுக்கிய பளிங்குப் புடைப்புச் சிற்பம் ஒன்று இருக்கிறது. மரணப் படுக்கையில் கிடக்கும் சுவார்ட்ஸ் பாதிரியாரின் கையை மன்னர் சரபோஜி பற்றிக்கொண்டு நிற்கும் காட்சி அது. அதைச் செய்வித்து வைத்தவரும் சரபோஜிதான். சிறுவனாக இருந்தபோது தம்மைக் காத்து, கல்வி பெற வழிசெய்த பாதிரியாரைத் தந்தைபோல நேசித்த அந்த மன்னர், கடைசிவரை இந்துவாகவே வாழ்ந்தார். 1798-இல் இறந்த சுவார்ட்ஸுக்கு அது வருத்தமாகக்கூட இருந்திருக்கலாம், கையை விட்டுவிடவில்லை. நான் வசிக்கும் நகரிலிருந்து ரயிலில் அரை மணி நேரத் தொலைவில் ஹாலே இருப்பதால், அங்கே பயின்று 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த பாதிரியார் சீகன்பால்குவும் நினைவுக்கு வந்தார். நம் தெய்வங்களைப் பற்றி அவர் 1713-இல் ஜெர்மன் மொழியில் எழுதி அனுப்பிய நூலை ஹாலேயில் இருந்தவர்கள் அச்சிட விரும்பவில்லை. 1867-இல்தான் அது வெளிவந்தது. மதம் மாற்ற வந்தவர் கேட்டறியவும் செய்தார் என்பதை அவரை அனுப்பியவர்களால் ஏற்க முடியவில்லை போலும். அம்மா சிற்பத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "அந்தப் புள்ள கையைப் புடிச்சிருக்கான் பாரு" என்று மட்டும் சொன்னார்.

24-ஆம் தேதி பகலில் வேளாங்கண்ணி சேர்ந்தோம். தங்குமிடம் குறித்து ஓர் எச்சரிக்கை: தொலைபேசியில் ஒரு வாடகைக்கு ஒப்புக்கொண்ட விடுதி, நேரில் போனதும் கூட்டத்தைக் காட்டி அதைப் போல மூன்று மடங்கு கேட்டது. முன்பணம் செலுத்தி ரசீது வாங்கிவிடுவது நல்லது. பேராலயத்தைச் சுற்றியுள்ள கடைகளில் கண், கை, வீடு, தொட்டில் என உருக்கள் அடுக்கியிருந்தன; அம்மா இடது காலையே தேடி எடுத்தார். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தைகள், தென்னங்கன்று சுமந்து வந்த குடும்பங்கள், மணற்பாதையில் முழங்காலிட்டு நகர்ந்துகொண்டிருந்த பெண்கள் என எங்கும் கூட்டம். பலர் நெற்றியில் குங்குமம் இருந்தது. முழங்காலிட முடியவில்லையே என்று அம்மா கண்கலங்கியபோது, பாய் நாற்காலியை அந்த மணல் ஓரமாகவே, சக்கரம் புதையப் புதைய, பேராலயம் வரை தள்ளிக்கொண்டு வந்தார்; உள்ளேயும் வந்தார். உருவைக் காணிக்கையாகச் செலுத்தும்வரை பின்னால் நின்றார்.

நள்ளிரவுத் திருப்பலியில் குழந்தை இயேசுவின் சுரூபத்தைக் குடிலில் வைத்த சிறிது நேரத்துக்குப் பிறகு, நற்கருணை வழங்கத் தொடங்கினார்கள். அதைக் கத்தோலிக்கர் மட்டுமே பெறலாம் என்று அறிவித்தது அம்மாவின் காதில் விழவில்லை. பிரசாதம் என்றெண்ணிக் கையை நீட்டிவிட்டார். அருகில் நின்ற இளம் தொண்டர் ஒருவர் குனிந்து, "அம்மா, இது திருமுழுக்கு வாங்கினவங்களுக்குன்னு எங்க முறை. நீங்க கைகூப்பி நில்லுங்க, சாமி வந்து உங்களுக்கு ஆசீர்வாதம் பண்ணுவார்" என்றார். அப்படியே குருவானவர் வந்து அம்மாவின் தலையில் கைவைத்தார். அந்த ஓர் இளைஞர் எனக்கு ஒன்றைப் புரியவைத்தார். ஒவ்வொரு வழிபாட்டுக்கும் அதற்கே உரிய உள்ளறை ஒன்று இருக்கத்தான் செய்யும்; அதை மறைக்கவும் வேண்டாம், அதற்காக மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம். ஆனால் அந்த எல்லையைச் சொல்பவர் குனிந்து சொல்கிறாரா, நிமிர்ந்து நின்று சொல்கிறாரா என்பது கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடுகிறது.

லைப்சிக்கில் டிசம்பர் மாதங்களில் தேவாலய இசையைக் கேட்கப் போவேன். கேட்டுவிட்டு வருவேன், அவ்வளவுதான். பிரார்த்தனை என்பது என் வழக்கத்திலிருந்து எப்போதோ நழுவிப் போயிருந்தது. அன்றிரவு அம்மாவின் வேண்டுதலுக்காக ஏற்றிய மெழுகுவர்த்தியின் பக்கத்தில் நானும் ஒன்றை ஏற்றினேன். 2021-இல் அப்பா இறந்தபோது விமானம் இல்லாமல், கைப்பேசித் திரையில்தான் கொள்ளியைப் பார்த்தேன். அவர் பெயரைச் சொல்லி ஏற்றினேன். எந்தத் தெய்வத்திடம் சொன்னேன் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை, சொன்னது மட்டும் உண்மை. விடுதியில் இரண்டு மணி நேரம்கூட உறங்கியிருக்க மாட்டோம்; மார்கழி 10 ஆயிற்றே என்று அம்மா எழுந்து, கட்டிலில் அமர்ந்தபடியே திருப்பாவையின் பத்தாம் பாட்டை மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தார்.

26-ஆம் தேதி காலை நாகப்பட்டினம் கடற்கரையில் மக்கள் பால் ஊற்றி, பூத்தூவி நின்றார்கள். 2004-இல் இதே நாளில் இந்த மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோனது. கிறிஸ்துமஸுக்கு வேளாங்கண்ணி வந்து மறுநாள் ஊர் திரும்பாமலே போன யாத்ரீகர்களும் அவர்களில் உண்டு. அதுவரை அந்த நாளைப் பற்றிப் பேசாமலிருந்த பாய், காரை ஓரமாக நிறுத்திவிட்டுச் சொன்னார்: "எங்க தெருப் பசங்க எல்லாரும் சேர்ந்து குழி வெட்டினோம் தம்பி. யாரு, என்னன்னு தெரியாது. அவங்க முறைப்படி என்ன சொல்லணும்னும் எங்களுக்குத் தெரியலை. தெரிஞ்சது ஃபாத்திஹாதான், அதை ஓதிட்டு மண்ணு தள்ளினோம். அது தப்பா சரியான்னு இன்னிவரைக்கும் மனசுக்குள்ள ஓடும்." அம்மா முன் இருக்கையை நோக்கிக் குனிந்து, "தப்பில்ல பாய்" என்றார்.

அங்கிருந்து நாகூர் தர்காவுக்குப் போனோம். ஐந்து மினாராக்களில் உயரமானது 131 அடி. தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப் சிங் கட்டிக்கொடுத்தது. வாசலில் செருப்பு வைக்கவும் நாற்காலியை உள்ளே கொண்டுசெல்லவும் எந்தச் சிரமமும் இல்லை. அம்மா சந்நிதியில் வெகுநேரம் கண்மூடி இருந்தார். காணிக்கை ஏதும் செலுத்தவில்லை என்பதைக் கவனித்தேன், ஆனால் கேட்கவில்லை.

திருச்சிக்குப் புறப்படும் நாளில், அடுத்த முறையும் டிசம்பரில்தான் வரவேண்டும் என்றார் அம்மா. கால்தான் சரியாகிவிட்டதே, இன்னும் என்ன என்று கேட்டேன். பாயின் மகளுக்கு இது ஏழாம் மாதம். முந்தைய குழந்தை தங்கவில்லையாம். நல்லபடியாகப் பெற்றெடுத்தால் நாகூருக்கு வந்து கடன் தீர்ப்பதாக அம்மா அன்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். பாய்க்கு இது தெரியாது, பிள்ளை பிறந்த பிறகு சொன்னால் போதும் என்றார்.