வேலூர் வீட்டுக்கு 6 மி.மீ. டி.பி.இ. யோகா மேட்

வார விடுமுறையில் வீட்டோடு உட்கார்ந்து ஆசனம் பழக இந்த 6 மி.மீ. தடிமனுள்ள டி.பி.இ. (ரப்பர்போல் நெகிழும் பிளாஸ்டிக்) மேட்டைத் தாராளமாக வாங்கலாம். 10 மி.மீ. தடிமன் சொகுசுதான், ஆனால் ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனத்தில் ஊன்றிய கால் அமுங்கி ஆடும், புதிதாகப் பழகுபவர் நிலைத்து நிற்பது கடினம். முட்டி வலிக்கும் பெரியவர்களுக்கு 6 மி.மீ. மேட்டின் மேலேயே துண்டை நாலாக மடித்து முட்டிக்கடியில் கொடுங்கள்.

பெரிய குறை வியர்வை. வேலூரின் மே மாதப் புழுக்கத்தில், ஃபேன் ஓடினாலும் கைகால்களை ஊன்றி இடுப்பை உயர்த்தும் அதோமுக சுவானாசனத்தில் உள்ளங்கை முன்னால் வழுக்கும். விரல்களை அகல விரித்து, ஆள்காட்டி விரலின் அடிமூட்டைத் தரையில் அழுத்தினால் பிடிப்பு கிடைக்கும். அப்படியும் நிற்காவிட்டால், நனைத்துப் பிழிந்த பருத்தித் துண்டைக் கைக்கடியில் விரியுங்கள். கோரைப்பாய் வேண்டாம், மொசைக் தரையில் பாயே நகரும்.

நடுக்கோடு அச்சிட்ட மேட்டாகப் பார்த்து எடுங்கள். கால்களை முன்பின்னாக அகட்டி நிற்கும் வீரபத்ராசனத்தில் குதிகால் விலகுவது உடனே தெரியும். போன வாரத்தைவிட நேராக நின்றோம் என்பது பிள்ளைகளுக்கே பெரிய சந்தோஷம்.

போர்வெல் உப்புத் தண்ணீரில் கழுவினால் வெள்ளைத் திட்டு படியும். நல்ல தண்ணீரில் சில சொட்டு சோப்புக் கரைசல் விட்டுத் துடைத்து, நிழலில் உலர்த்துங்கள். மொட்டை மாடி வெயில் பட்டால் சீக்கிரம் வெடித்து உதிரும். மேல்பக்கம் வெளியே தெரியும்படி சுருட்டினால் ஓரம் தூக்காது.